மொட்டை அலைகள்

மார்ச் 3
ப்ரீஆம்ப் வந்துவிட்டது, இசைத்தட்டு முள்ளின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் பெட்டி. இனித் தட்டுகளைக் கணினியில் பதியலாம். அம்மாவுக்கான அந்தத் தட்டை உறையிலிருந்து எடுக்கவில்லை. முதலில் வேறு தட்டுகள்.

மார்ச் 4
அவசரத்தில் கணினியின் மைக் துளையில் செருகித் தொலைத்தேன். மில்லிவோல்ட்டுக்கென்று இருக்கும் வழியில் அரை வோல்ட்! ஸ்பீக்கர் அலறியதில் அம்மா விழித்துக்கொண்டாள். அப்புறம் விடியும்வரை இருமல்.

மார்ச் 6
இன்று லைன் இன், பெருக்கிய சமிக்ஞைக்கான துளை. பதிவு மீட்டர் -3 டெசிபெல்லைத் தாண்டவே இல்லை, 0தான் அதன் உச்சவரம்பு, ஆனாலும் குரல் ஏறும் இடமெல்லாம் கரகரப்பு. முள்ளைத் துடைத்தேன், எடையைச் சரிபார்த்தேன். பிறகுதான் திரையில் ஒலியலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: உச்சிகள் எல்லாம் கத்தரியால் நறுக்கியதுபோல் மொட்டை. பதிவு அளவின் ஸ்லைடரைப் பாதியாக்கினேன். அதே மொட்டை, இப்போது -9இல். வெட்டுப்பட்ட பிறகு குறைத்து என்ன பயன்? சவுண்ட் கார்டின் வாசலிலேயே தலை போய்விடுகிறது.

மார்ச் 7
தூக்கமில்லை. மொட்டை அலைகள்.

மார்ச் 8
கணக்கு: முள் பொருந்திய கார்ட்ரிட்ஜ் 5 மில்லிவோல்ட், ப்ரீஆம்ப் 40 டெசிபெல், அதாவது நூறு மடங்கு, அரை வோல்ட். என் கார்டு 1 வோல்ட்வரை தாங்கும். பின்னே ஏன்? அந்த 5 என்பது முள் நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் ஆடும்போது. உரக்க வெட்டிய தட்டில் 20கூடப் போகும். அப்போது 2 வோல்ட்.

அம்மா சாயங்காலம் கேட்டாள், "இன்னும் ஆகலையா?"

மார்ச் 9
வோல்ட்டைக் குறைக்க, சேனலுக்கு இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், ஒன்று வழியில், ஒன்று எர்த்துக்கு. பாதியாகும் என்று நினைத்தால் மூன்றில் ஒன்றாகிவிட்டது. கார்டின் உள்ளேயும் ஒரு 10 கிலோ ஓம் பக்கத்தில் சேர்ந்துகொள்ளும், அதை மறந்தே போனேன். நல்லவேளை. பாதி என்றால் உச்சி கார்டின் 1 வோல்ட் எல்லையையே தொட்டிருக்கும், இப்போது முக்கால் வோல்ட்டுக்குள். உச்சிகள் உருண்டையாக இருக்கின்றன. நாலு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன்.

மார்ச் 10
மட்டம் கம்மியோ? சும்மா கவலை. 24 பிட் பதிவில் -15 வந்தாலும் கெடாது, பதிவின் இரைச்சலுக்கு முன்னால் தட்டின் இரைச்சல்தான் கேட்கும். ஆனால் ஒரு தூசி பாட்டைவிட உயரமாக வெடிக்கிறது.

மார்ச் 11
மருத்துவர் வந்து போனார்.

மார்ச் 12
உறையிலிருந்து எடுத்தேன். எங்கே உரத்துப் பாடியிருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவைக் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, "கடைசிச் சரணம்" என்றாள். அங்கேயே முள்ளை வைத்தேன். -5. மொட்டை இல்லை.

முதலிலிருந்து வை என்கிறாள்.