அட்டையில் அவர் பெயர்

ஆஸ்கர் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' நாடகத்தின் மறுபதிப்பு நேற்று கைக்கு வந்தது. அட்டையில் அவர் பெயர் பெரிதாக இருக்கிறது. அதையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1895 பிப்ரவரி 14, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் முதல் காட்சி. இரண்டு மாதத்துக்குள், ஓரினச்சேர்க்கைக் குற்றச்சாட்டில் வைல்ட் கைது. பெயரை எடுத்துவிட்டு நாடகத்தை மட்டும் ஓட்டினார்கள். 1899இல் புத்தகமானபோதும் பெயர் போடவில்லை. அவருடைய முந்தைய நாடகத்தைச் சொல்லி 'லேடி வின்டர்மியர்ஸ் ஃபேன் எழுதியவர்' என்று மட்டும். மனசு ஆறவில்லை.

அப்புறம் படித்துக்கொண்டே போனதில் அந்த இடம் வந்தது. விக்டோரியா ரயில் நிலையத்தில் ஒரு கைப்பைக்குள் கண்டெடுக்கப்பட்ட குழந்தை தான்தான் என்கிறான் நாயகன் ஜாக். "கைப்பையா?" என்கிறார் அவன் மணக்க நினைக்கும் பெண்ணின் அம்மா லேடி பிராக்னெல். ராத்திரி பதினொரு மணிக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.