ஆர்.கே.புரம் மலையில் இரண்டு அர்ச்சனைச் சீட்டு

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மூன்று மாதக் கைக்குழந்தையோடு நிற்க முடியாது என்று, அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமையே மலை மந்திருக்குப் போய்விட்டு வந்தோம். டெல்லித் தமிழர்களுக்கு இந்தக் கோயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஆர்.கே.புரம் செக்டர் 7-ல் ஒரு சின்னக் குன்றின் மேல் இருக்கிறது உத்தர சுவாமிமலை. 1973-ல் கும்பாபிஷேகம் ஆனது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தகப்பனுக்கே பிரணவம் சொன்ன அதே சுவாமிநாதன்தான் இங்கேயும். மேலே, சன்னதிக்கு வெளியே 'யாமிருக்க பயமேன்' என்று தமிழில் எழுதியிருக்கும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் வாரம், இந்தி புரியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, அந்த எழுத்தைப் பார்த்துத்தான் அழுதேன்.

நாள் தள்ளிப்போனதும் முதலில் ஏறியதும் இந்தப் படிதான். 12-வது வார ஸ்கேனில் இரட்டை, ஒரே நஞ்சுக்கொடி, தனித்தனிப் பனிக்குடம் என்று எழுதியிருந்தார்கள். அது எவ்வளவு பெரிய வரி என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. பார்த்த இடத்திலும் யாரும் சொல்லவில்லை. 20-வது வாரம் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். ஒரே நஞ்சுக்கொடி என்றால் 16-வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்க்க வேண்டும். இதைப் படிக்கிற யாருடைய ரிப்போர்ட்டிலாவது அந்த வரி இருந்தால், தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

மார்கழி பாதியில் எனக்கு ஒரே வாரத்தில் வயிறு மத்தளம் மாதிரி இறுகிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. ஊரிலிருந்து வந்திருந்த அத்தைதான், "ரெட்டைன்னாலும் இவ்ளோ சீக்கிரம் இப்படி ஆகாதும்மா, இன்னிக்கே போய்க் காட்டு" என்றார். அவர் அன்று அப்படிப் பிடிவாதமாகச் சொல்லியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கருவிலேயே சிகிச்சை செய்யும் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ஒரே நஞ்சுக்கொடியில் இரண்டு குழந்தைகளின் ரத்தக் குழாய்களும் பின்னிக்கொண்டிருக்கும். நூறில் பத்துப் பதினைந்து பேருக்கு அந்த வழியாக ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்குமாம். கொடுக்கிற குழந்தைக்குச் சிறுநீர் பிரியாது, சுற்றியிருக்கிற நீர் வற்றிவிடும். வாங்குகிற குழந்தைக்கு நீர் பெருகிப் பெருகி இதயம் திணறும். எனக்கு ஒரு பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் நீர், மறுபக்கம் பத்து. கொடுக்கிற குழந்தையின் சிறுநீர்ப்பை ஸ்கேனில் தெரியவே இல்லை. இரண்டாம் நிலை என்றார். விட்டுவிட்டால் பெரும்பாலும் இரண்டும் தங்காது. லேசர் வைத்து அந்த இணைப்புகளை அடைத்துவிடலாம். 2004-ல் வந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றைச் சொன்னார்: நீரை மட்டும் அவ்வப்போது எடுத்துவிட்டவர்களில் ஒரு குழந்தையாவது பிழைத்தது 56 சதவீதம், லேசர் செய்தவர்களில் 76.

ஒரு குழந்தையாவது. அந்த 'ஆவது' என் காதிலேயே நின்றுவிட்டது.

நம் நாட்டில் ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள் அல்லவா, அதனால் அத்தை இரண்டுக்கும் பெரிசு, சின்னது என்று பேர் வைத்திருந்தார். நீர் வற்றியது சின்னதுக்கு.

லேசருக்கு முதல் நாள் சாயங்காலம் ஆட்டோவில் கோயிலுக்குப் போனோம். படி ஏறக் கூடாது என்று உத்தரவு. பனி மூட்டம் வேறு. என் கணவர் மட்டும் மேலே போனார், நான் வாசலில் ஆட்டோவிலேயே போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றையாவது கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எந்த ஒன்றை? இரண்டையும் கொடு என்றாலும் பயம், பேராசை என்று சாமி நினைத்துவிடுமோ என்று. அப்போதுதான் சரவணப் பொய்கை ஞாபகம் வந்தது. ஆறு தாமரையில் ஆறு குழந்தைகள். அம்பிகை வந்து ஆறையும் சேர்த்து அணைத்து ஒரே பிள்ளையாக்கினாள். இந்தக் கோயிலில் மீனாட்சிக்கும் சன்னதி இருக்கிறது. அம்மா, நீ அணைத்து ஒன்றாக்கினாய், என் பிள்ளைகளைப் பிரித்து வை, அவரவர் ரத்தம் அவரவருக்கு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டையும் தூக்கிக்கொண்டு இந்தப் படி ஏறுகிறேன் என்றும் சொன்னேன். அவர் இறங்கி வந்து நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார். கை சில்லென்று இருந்தது.

மறுநாள் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். நினைவு முழுக்க இருந்தது. மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருக்கும் குழாய், அதன் முனையில் கேமரா. திரையில் நஞ்சுக்கொடி தெரிந்தது, வேர் பரப்பிய மாதிரி குழாய்கள். லேசர் பட்ட இடமெல்லாம் வெளுத்துக்கொண்டே போனது. நடுவில் பெரிசின் கை குறுக்கே வந்தது. ஐந்து விரலும் ஒளி ஊடுருவுகிற மாதிரி, நகம் முளைக்காத நுனிகள். டாக்டர் கையை நிறுத்திக் காத்திருந்தார், அது நகர்ந்ததும் தொடர்ந்தார். சின்னது அந்தப் பக்கம், வெங்காயச் சருகு போன்ற சவ்வுக்குள் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தது அவ்வளவுதான், சவ்வுக்குப் பின்னால் ஒரு நிழல். கடைசியில் தேங்கியிருந்த நீரில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுத்தார்கள். நன்றாக மூச்சு விட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது!

மறுநாள் இரண்டு இதயமும் துடித்தன. ஐந்தாம் நாள் சின்னது நின்றுவிட்டது. நஞ்சுக்கொடியில் அதற்குக் கிடைத்த பங்கு ரொம்பக் கொஞ்சம் என்றார்கள். டாக்டர் ஸ்கேன் கருவியை என் வயிற்றிலிருந்து எடுக்காமலே மெதுவாகச் சொன்னார்: இணைப்பு அடைபடாமல் இருந்திருந்தால், ஒன்று நின்றதும் இன்னொன்றின் ரத்தமும் அந்தப் பக்கம் வடிந்திருக்கும், இப்போது அந்த வழி இல்லை, பெரிசு பத்திரமாக இருக்கிறது.

பிரித்து வை என்றுதானே கேட்டேன். அவள் பிரித்து வைத்துவிட்டாள். அன்று ராத்திரி எனக்குக் கோபம்கூட வரவில்லை. அத்தை திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை பாதத்தில் வைத்து வாங்கி வந்திருந்த விளக்கெண்ணெயை வயிற்றில் தடவிக்கொண்டே இருந்தார், இரண்டு பக்கமும்.

அப்புறமும் 33-வது வாரம் வரை இரண்டு பேரையும்தான் சுமந்தேன். சித்திரை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் பிரசவம். மகன். மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்து வீட்டுக்கு வந்தான். அவன் தம்பியைத் துணியில் சுற்றி ஒரு நிமிடம் என் கையில் கொடுத்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு படியாக ஏறினேன். அவர் வாங்கிக்கொள்கிறேன் என்றார், நான் கொடுக்கவில்லை. எங்கேயோ மயில் அகவியது, குழந்தை திடுக்கிட்டுக் கையை விரித்தான். திரையில் பார்த்த அதே விரல்கள். கவுண்டரில் அர்ச்சனைச் சீட்டு இரண்டு வாங்கச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கி வந்தார்.

சன்னதியில் குருக்கள் சீட்டைப் பார்த்துவிட்டு, "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். மகன் பேரும் உத்திராடம் என்றும் சொன்னேன். "இன்னொண்ணு?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர்தான், "ரெட்டைக் குழந்தைங்க சாமி. இன்னொண்ணு தங்கல. பேரு வைக்கல" என்றார்.

குருக்கள் மடியில் இருந்தவனை ஒரு கணம் பார்த்தார். "அதனாலென்னம்மா, சுவாமி பேருக்கே பண்ணிடலாம்" என்று உள்ளே போனார்.

இரண்டு தடவை தீபாராதனை காட்டினார். விபூதியும் இரண்டு தடவை கொடுத்தார். ஒன்றை மகன் நெற்றியில் இட்டேன். இன்னொன்றைச் சீட்டிலேயே மடித்து வைத்திருக்கிறேன்.