கரிசல் மண்ணில் முதல் வெண்டை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கேரளாதான் என்றாலும், நம் ஊரில் மண் கரிசல். மழை பெய்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும், காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதனால் வீட்டுக்குப் பின்னால் பாத்தியை மேடாகவே கட்டினேன். மட்கிய சாணமும் தென்னை நார்க்கழிவும் கலந்த பிறகுதான் மண் பொலபொலவென்று ஆனது. நார்க்கழிவைப் புதிதாகப் போடக் கூடாது, நன்றாக மட்கியிருக்க வேண்டும்.

மண்ணைவிடப் பெரிய விஷயம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வரும் காற்று இளஞ்செடியைச் சாய்த்துவிடும். பக்கத்து வீட்டுப் பாட்டி வேலியோரம் நின்று, "கண்ணு, மேக்கால அகத்தியை நட்டு வை, அப்புறம் காயைப் பத்தி யோசி" என்றார். எனக்குக் கிடைத்ததிலேயே உருப்படியான யோசனை அதுதான். அகத்தி வளரும்வரை தென்னை ஓலைத் தட்டி வைத்து மறைத்தேன்.

வெண்டை விதையை ராத்திரி ஊறவைத்து, செடிக்குச் செடி ஒரு அடி விட்டு ஊன்றினேன். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிட்டது. கூடவே போட்டிருந்த தட்டைப்பயறில் அசுவினி, அதாவது செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி, வந்தது. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் தெளிப்பு. சரியாகிவிட்டது.

வெண்டைக்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நார் ஓடிவிடும். முதல் பறிப்பில் பாதி பாட்டி வீட்டுக்குப் போனது. இப்போது கத்தரி நாற்று விட்டிருக்கிறேன்.