தாது வருடத்து நாவல்: திருகை சொல்லிக்கொடுத்த ஆறாம் அத்தியாயம்

தாது வருடப் பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்த ஓர் அக்காவும் தம்பியும், மதுரையில் அவர்களுக்கு வாய்த்த ஒரு கிழவரும்தான் என் நாவல். ஆறாம் அத்தியாயத்தை நேற்று இரவு மூன்றாம் முறையாக எழுதி முடித்தேன். இந்த முறை நிற்கிறது.

முதலில் எழுதியபோது பிள்ளைகள் மேலூரிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்து வந்தார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. பஞ்சம் 1876-78; பெரியாறு அணை திறந்ததே 1895இல். அப்போது மேலூருக்கு ஏது வாய்க்கால்? வானத்தையும் கண்மாயையும் நம்பிய ஊர். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அது இல்லாத மேலூரை நினைத்துப் பார்க்கவே வரவில்லை. அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, வெடித்துக் கிடக்கும் கண்மாய்க்குள்ளேயே இருவரையும் நடக்கவிட்டேன்.

கிழவர் சீக்கிரமே பிடிபட்டுவிட்டார். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது கல் சுமந்தவர். இப்போது அறுபது தாண்டி, கண்ணில் புரை. பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளி வீதியில் நடக்கும்போது, "இந்த இடம் அகழியடா" என்பார்.

ஆனால் மூவரின் நட்பு ஒட்டவே இல்லை. அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார், பிள்ளைகள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். படித்தால் தர்மகாரியம்போல் இருந்தது.

1877 ஜனவரியில், பஞ்சத்தைக் கவனிக்க ஆங்கில அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் பஞ்ச நிவாரண வேலைக் கூலியைக் குறைத்தார்: ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஓர் அணா. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதைக் கையில் பிடித்துப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று தோன்றியது. கேப்பையை நிறுத்து எடுத்துக்கொண்டு அப்பத்தா வீட்டுக்குப் போய், மூலையில் கிடந்த திருகையைக் கழுவிக் காயவைத்து உட்கார்ந்தேன்.

ஒரு கை குழியில் தானியம் போட வேண்டும், மறுகை சுற்ற வேண்டும். கால் மணி நேரத்தில் மணிக்கட்டு விட்டுப்போனது. கல்லின் ஓரத்தில் சிந்திய மாவு பாதி குருணை. அப்பத்தா எதிரில் வந்து உட்கார்ந்து என் கைமேல் கையை வைத்து, "ஒற்றை ஆளாக இழுத்தால் தோள் போய்விடும் தாயி" என்றார். அவர் கையில் வலுவே இல்லை. ஆனால் எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. கல் சீராக ஓட ஆரம்பித்தது, மாவு மெல்லிசாக விழுந்தது.

அன்று காய்ச்சிய கூழைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பானை நிறையத் தெரிந்தது. மாலைக்குள் மறுபடி பசித்தது. நாள் முழுக்க மண் சுமந்தவர்களுக்கு இதுதானா என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது.

ஆறாம் அத்தியாயம் இப்போது அந்தத் திருகையின் முன்னால்தான் நடக்கிறது. மனைவி போன பிறகு கிழவர் வீட்டில் சும்மா கிடந்த திருகை. அக்காவின் கூலித் தானியம் அவள் மடியில். தானியம் அவளுடையது, கல் அவருடையது. தனியாக இருவராலும் அரைக்க முடியாது. தர்மம் என்ற சொல்லை அந்த அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

அடுத்தது ரயில். மதுரைக்கு அது வந்தது 1875இல். கிழவர் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறார். என்னவென்று பையன் பார்த்துச் சொல்ல வேண்டும். அவனுக்குத் தெரிந்த வண்டி மாட்டுவண்டி ஒன்றுதான். இரண்டு நாளாக அவன் வாயிலிருந்து முதல் வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன், இன்று காலை கிடைத்தது: "தாத்தா, முன்னால் மாடு இல்லை."