மணிச்சத்தும் களையும்: சுங்கை பாக்காப் நாட்குறிப்பு

பிப்ரவரி 15, சனி

தைப்பூசக் களைப்பு தீர்வதற்குள், பினாங்கு மாநிலத்துச் சுங்கை பாக்காப்பில் இருக்கிற நம் நிலத்தின் மண் பரிசோதனைத் தாள் வந்துவிட்டது. பிஎச் 4.8, நல்ல புளிப்பு. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ் சத்து, அடிமட்டம். பழைய ரப்பர்க் காடு, பிறகு செம்பனை, இப்போது நம் மாடுகளுக்குத் தீவனம் என்று கைமாறி வந்த நிலம். இந்தப் புளித்த மண்ணில் அலுமினியமும் இரும்பும் மணிச்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கொட்டுகிற உரத்தில் வேருக்குப் போவது கொஞ்சம்தான். அதனால் முதல் வேலை சுண்ணாம்பு. டோலமைட் சுண்ணாம்பு மூட்டைகள் வந்திறங்கிவிட்டன, நாளை உழவோடு கலக்கிறோம்.

கடையில் கிறிஸ்துமஸ் தீவுப் பாறை பாஸ்பேட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், விலை குறைவு என்று. செம்பனைக்கு நல்ல உரம்தான், வருஷக்கணக்கில் நிற்கிற மரம் பொறுமையாக எடுத்துக்கொள்ளும். இரண்டே மாதத்தில் அறுக்கப்போகிற மக்காச்சோளம் அதுவரை காத்திருக்குமா? அந்தப் பாறை கரைவதற்கு மண் புளிப்பாகவும் இருக்க வேண்டும். நாம் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைக்கிறோம். சூப்பர் பாஸ்பேட்டே வாங்கினேன், 46 சதவீதம் மணிச்சத்துள்ள சரக்கு.

பிப்ரவரி 23, ஞாயிறு

திண்டுக்கல்லில் இருந்து பினாங்குத் தீவுக்கு ஆராய்ச்சி வேலையாக வந்திருக்கிற தம்பி, காலையில் தோசைக்கு வந்தவர் மதியம்வரை பேசிக்கொண்டிருந்தார். முன்பு அரியானாவில் கோதுமை நிலத்தில் இருந்தவர். கோதுமை நம் மலேசியாவில் விளைவதில்லை, சப்பாத்தி மாவெல்லாம் கப்பலில் வருகிறது. இருந்தாலும் அவர் சொன்னது எனக்குப் பெரிய பாடம்.

அங்கே நவம்பரில் கோதுமை விதைப்பு. ஹெக்டருக்கு 60 கிலோ மணிச்சத்து, டிஏபி உரக் கணக்கில் 130 கிலோ, விதைக்கும் கருவியிலேயே விதைக்குக் கீழே இறங்கும். ஏப்ரலில் அறுவடை முடிந்ததும் அதே நிலத்தில் தீவன மக்காச்சோளம். "போட்ட மணிச்சத்துல அந்த வருஷம் கோதுமை எடுக்கறது அஞ்சுல ஒரு பங்குகூடத் தேறாதுண்ணே. மிச்சம் மண்ணுலதான் கிடக்கும், சோளத்துக்கு அதுல ஒரு பங்கு போகும்" என்றார். ஆக, உரக் கணக்கை ஒரு பயிரோடு மூடக்கூடாது. களை அந்த உரத்தைத் தின்றால் கோதுமையும் இளைக்கும், பின்னால் வருகிற சோளமும் இளைக்கும்.

அங்கே களை என்றால் மண்டூசி என்கிற புல். கதிர் வரும்வரை கோதுமைப் பயிர்போலவே நிற்குமாம். ஐசோபுரோட்டுரான் களைக்கொல்லியை அடித்து அடித்து, 1990களின் தொடக்கத்தில் அது மருந்துக்கே அசையாமல் போய்விட்டது. பிறகு வந்த சல்போசல்பூரான் ஹெக்டருக்கு 25 கிராம் போதுமாயிருந்தது, மண்டூசி அடங்கியது. ஆனால் மண்ணில் தங்குகிற மருந்து அது. பின்னால் விதைக்கிற சோளம் மஞ்சளடித்துக் குட்டையாக நிற்கும்.

அடுப்படியில் இருந்து அம்மா கேட்டார்: "அங்கேயும் பொம்பளைங்கதான் மருந்து அடிக்கிறாங்களா தம்பி?"

தோட்டத்தில் பாராகுவாட் களைக்கொல்லி டப்பாவை முதுகில் சுமந்து அடித்தவர் அம்மா. நகங்கள் கறுத்து விழுந்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இந்த நாட்டில் அந்த மருந்துக்குத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல். அம்மாவுக்கு அது ரொம்பத் தாமதம்.

மார்ச் 9, ஞாயிறு

விதைத்தாயிற்று. வரிசைக்கு வரிசை ஓரடி, மூன்று வரிசை மக்காச்சோளத்துக்கு ஒரு வரிசை தட்டைப்பயறு. சூப்பர் பாஸ்பேட் ஏக்கருக்கு 35 கிலோ, ஹெக்டருக்கு 40 கிலோ மணிச்சத்து என்ற கணக்கு. விதையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, இரண்டு அங்குலம் ஆழத்தில் கோடு கிழித்துப் போட்டோம். மணிச்சத்து மண்ணில் நகராது, வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். மேலே வாரி இறைத்தால் மண்ணோடு சேர்ந்து பூட்டிக்கொள்வது ஒரு பக்கம், வரிசைக்கு நடுவில் முளைக்கிற களைக்குச் சோறு போடுவது இன்னொரு பக்கம். ஓரத்து வரிசை ஒன்றுக்கு மட்டும் வேண்டுமென்றே உரம் போடவில்லை. வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அட்ரசின் களைக்கொல்லி அடிக்கலாம் என்று மச்சான் சொன்னார். சோளத்தை ஒன்றும் செய்யாது, தட்டைப்பயறு கருகிவிடும். புரதத்துக்காகத்தான் அந்தப் பயறே. அம்மா இருக்கிற வீட்டில் மருந்துத் தெளிப்பான் கடைசியாகத்தான் வெளியே வரவேண்டும்.

மார்ச் 27, வியாழன்

மழை பிடித்ததும் களை எழும்பிவிட்டது. கோரை, சம்பாவ் புல், ஓரத்தில் லாலாங் புல். சோளத்துக்கு முளைத்த இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம்வரைதான் உயிர்நிலை. அப்போது களையை விட்டுவிட்டுப் பிறகு எடுத்தால் இழந்தது திரும்பாது.

அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்து சம்பாவைப் பிடுங்குகிறார். தரையோடு தட்டையாகப் படிந்து, அடித்தண்டு வெள்ளை வெளேரென்று விசிறிபோல விரிந்திருக்கும். இழுத்தால் தாள்தான் கையோடு வரும். அம்மா கத்தியைச் சாய்த்துச் சொருகி நெம்புகிறார், வேரோடு கைப்பிடி மண் வருகிறது. தட்டிவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிறார். "பூக்கிறதுக்கு முன்னாடி எடுத்துடணும்டா, அப்புறம் விதை கொட்டிரும்." இதே சம்பாவ்தான் 1997இல் பேராக்கின் தெலுக் இந்தான் பக்கம் கிளைபோசேட் களைக்கொல்லிக்குச் சாகாமல் நின்றது. அரியானாவில் மண்டூசி, பேராக்கில் சம்பாவ். ஒரே மருந்தை நம்பினால் எங்கேயும் இதுதான் நடக்கிறது.

உரம் போடாத வரிசையில் இலை ஓரம் ஊதா, மணிச்சத்து போதாததன் அடையாளம். அடியிலை இரண்டும் நுனியிலிருந்து நிறம் மாறி வருகின்றன. பக்கத்து வரிசை கரும்பச்சை. மச்சானைக் கூட்டிவந்து காட்டினேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை சித்திரைப் பிறப்பு. சோளம் கூடிவிட்டது, வரிசை நடுவே வெயில் இறங்கவில்லை. கோரை மட்டும் அங்கங்கே வெளிறி நிற்கிறது.

இனி கவலை சாணக் குவியல்தான். மாடு தின்கிற மணிச்சத்தில் பாலுக்குப் போகாத பங்கு பெரும்பாலும் சாணத்தில் இறங்கும், மண்ணின் பிடியைத் தளர்த்துகிற மக்கிய பொருளும் அதிலேயே இருக்கிறது. கூடவே களை விதையும் உயிரோடு வரும். பச்சைச் சாணத்தை நிலத்தில் போட்டால் அம்மா பிடுங்கியதெல்லாம் வீண். குவித்து, புரட்டி, உள்ளே 60 டிகிரிவரை சூடேறவிட்டுத்தான் போடுவோம். கையை நுழைத்தால் பொறுக்க முடியாத சூடு வந்திருக்கிறது.

மே 6, செவ்வாய்

கதிர் பால் பிடித்தது, அறுவடை ஆரம்பம். மாடுகள் தண்டையும் விடாமல் தின்கின்றன. உரமில்லாத வரிசை இடுப்பளவு தாண்டவில்லை.

அடுத்த சோளத்துக்குச் சூப்பர் பாஸ்பேட் பாதி, மீதிக்கு மக்கிய சாணம். அடியோடு நிறுத்த மாட்டேன், இந்த மண் அதற்கு இடம் கொடுக்காது. தம்பிக்குப் படம் அனுப்பினேன். "பாதிக்குக் கீழ இறங்குறதுக்கு முன்னாடி மறுபடி மண் எடுத்துப் பாருங்கண்ணே" என்று பதில் வந்தது. அறுத்து முடிந்ததும் மாதிரி எடுத்து அனுப்புகிறேன். மச்சான் தன் நிலத்து மண்ணையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.