ஹெபடைடிஸ் சி: எனக்கு எப்படி வந்தது, எப்படிப் போனது

கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். முதல் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த செவிலியர், என் பக்கம் திரும்பாமல் மகனிடம் சொன்னார்: "ஹெச்.சி.வி. பாசிட்டிவ். ஆபரேஷன் இப்போது இல்லை." காத்திருந்த பத்துப் பேருக்கும் அது கேட்டது. ஹெச்.சி.வி. என்றால் ஹெபடைடிஸ் சி, ரத்தத்தின் வழியாகத் தொற்றிக் கல்லீரலைத் தாக்கும் வைரஸ். கோப்பின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு வயது 58. மஞ்சள் காமாலை ஒருமுறைகூட வந்ததில்லை. சில ஆண்டுகளாகச் சோர்வு இருந்தது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கல்லீரல் பிரிவில் ஓர் இளம் மருத்துவர் உட்காரவைத்துக் கேட்ட முதல் கேள்வி, "எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா அம்மா?" என்பதுதான். 1993-ல் மகள் பிறந்த அன்று உதிரப்போக்கு நிற்கவில்லை. இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். அதைச் சொன்னதும், வழி அநேகமாக அதுதான் என்றார். இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே 1989-ல். நம் ரத்த வங்கிகளில் இதற்கான பரிசோதனை கட்டாயமானது 2000-க்குப் பிறகு. பணத்துக்கு ரத்தம் கொடுப்பதற்குத் தடை வந்ததும் 1998-ல்தான். யார் கொடுத்த ரத்தமோ தெரியாது. அது இல்லாவிட்டால் அன்றைக்கே என் கதை முடிந்திருக்கும். அவர் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. 30 ஆண்டுகளில் எத்தனையோ மருத்துவர்களைப் பார்த்துவிட்டேன், ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே என்பதில்தான் எனக்கு ஆறாத கோபம்.

முதல் பரிசோதனை காட்டியது, வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை மட்டும்தான். சிலருக்கு வைரஸ் வந்த சில மாதங்களில் தானாகவே போய்விடும். தடயம் மட்டும் ரத்தத்தில் தங்கும். உடலில் வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்பதை, அதன் மரபுப்பொருளைத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும். முடிவு வர 11 நாள் ஆனது.

சிகிச்சை முழுவதையும்விட அந்த 11 நாள்தான் என்னை வாட்டியது. ஓரகத்தி பார்க்க வந்தார். காபி கொடுத்தேன். பேசிக்கொண்டே இருந்தவர், டம்ளரைத் தொடாமல் எழுந்து போனார். அன்று மாலையே என் தட்டையும் டம்ளரையும் நானே தனியாக எடுத்து வைத்துவிட்டேன். பேத்தியைத் தூக்குவதை நிறுத்தினேன். "எப்படி வந்ததாம்?" என்று உறவினர்கள் கேட்கும்போது அந்தக் குரலில் ஒரு சந்தேகம் ஒளிந்திருக்கும். நான் பதில் சொல்வதற்கு முன்பே என் கணவர், "என் பிள்ளையைப் பெற்றபோது ஏற்றிய ரத்தம்" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன்.

தட்டு விஷயத்தைக் கேட்டு மருத்துவர் கோபித்துக்கொண்டார். சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ முத்தம் கொடுப்பதாலோ இது தொற்றாது. ரத்தம் படக்கூடிய ரேஸர், நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் ஆகியவைதான் தனியாக இருக்க வேண்டும். மகள் பிறந்த பிறகுதான் ரத்தம் ஏற்றினார்கள் என்பதால் அவளுக்குப் பயமில்லை, தாய்ப்பாலாலும் வராது என்றார். மகனோ 1995-ல் பிறந்தவன். தாய்க்கு இருந்தால் நூறில் ஐந்து குழந்தைகளுக்கு வரலாம் என்றபோது உடம்பு நடுங்கிவிட்டது. அவனுக்கு இல்லை என்று தாள் வந்த அன்று இரவுதான் நான் தூங்கினேன்.

என் ஆர்.என்.ஏ. முடிவில் வைரஸ் இருந்தது; அளவு 12 லட்சம். கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் தழும்பு தொடங்கியிருப்பது தெரிந்தது; கல்லீரல் முழுக்கத் தழும்பேறும் சிரோசிஸ் இல்லை. கல்லீரலைத் தாக்கும் இன்னொரு வைரஸான ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். அது உள்ளே இருந்தால் ஹெபடைடிஸ் சி-க்குக் கொடுக்கும் மருந்தால் கிளர்ந்தெழக்கூடுமாம்.

பிறகு மாத்திரை. சோஃபோஸ்புவிர் ஒன்று, டக்ளாடஸ்விர் ஒன்று, தினமும் ஒரே நேரத்தில், 84 நாள். புட்டிக்கு 28, மாதம் ஒருமுறை போய் வாங்க வேண்டும். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஒரு ரூபாய்கூட வாங்காமல் கொடுத்தார்கள். 2013 இறுதியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலராம். அந்தப் புட்டியைப் புடவைத் தலைப்பில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வரிசையில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். பல ஆண்டுகளுக்கு முன், அப்போதைய சிகிச்சையான இன்டர்ஃபெரான் ஊசி வாரம் ஒன்று, கூடவே ரிபாவிரின் மாத்திரை என்று ஆறு மாதம் பட்டவர். ஊசி போட்ட இரவெல்லாம் காய்ச்சல், முடி கொட்டியது, காரணமில்லாமல் அழுகை வந்தது, கடைசியில் வைரஸும் போகவில்லை. எனக்கு முதல் இரண்டு வாரம் தலைவலி, கொஞ்சம் குமட்டல், அவ்வளவுதான். கல்லீரல் என்றதும் ஆளாளுக்குக் கீழாநெல்லியோடு வந்தார்கள். மருத்துவருக்குத் தெரியாமல் எந்த மருந்தும், எந்த லேகியமும் இந்த மூன்று மாதம் கூடாது என்று சொல்லியிருந்தார். யார் மனம் நொந்தாலும் நான் தொடவில்லை.

மாத்திரை முடிந்து மேலும் 12 வாரம் கழித்து எடுக்கும் பரிசோதனைதான் தீர்ப்பு. 'கண்டறியப்படவில்லை' என்று வந்தது. மருத்துவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றைப் பலர் சொல்வதில்லை. எதிர்ப்புப் பொருள் பரிசோதனை இனியும் 'பாசிட்டிவ்' என்றுதான் காட்டும், பெரும்பாலும் ஆயுள் முழுவதும். ரத்த தானம் செய்ய முடியாது. தடுப்பூசியும் கிடையாது, மறுபடி தொற்றினால் மறுபடி வரும். வேறொரு மருத்துவமனையில் கண்புரைக்குப் போனபோது, அவர்கள் ரத்தம் எடுப்பதற்கு முன்பே அந்த ஆர்.என்.ஏ. தாளை மேசையில் வைத்தேன். படித்தார்கள், மறுநாளே செய்தார்கள். அதன் மூன்று பிரதிகள் ஆதார் அட்டையோடு என் கைப்பையிலேயே இருக்கின்றன.

போன வாரம் ஓரகத்தி தொலைபேசியில் அழைத்தார். 1996-ல் கர்ப்பப்பை எடுத்தபோது அவருக்கும் ரத்தம் ஏற்றினார்களாம். திங்கட்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் அவரை அழைத்துப் போகிறேன்.