பின்பக்கத்தில் விடை இல்லாத படிப்பு

சிங்கப்பூரில் படித்து வளர்ந்த யாருக்கும் டென் இயர் சீரிஸ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பழைய தேர்வுத்தாள்கள் முன்னால், விடைகள் பின்னால். உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வான ஓ லெவலுக்கு முன்பு எங்கள் ஈசூன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து வேதியியல் புத்தகத்தை முழுசாக இரண்டு தடவை முடித்தேன். பாலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் அதே வழிதான். பழைய தாளைத் தேடிப் பிடிப்பேன், போட்டுப் பார்ப்பேன், விடையோடு ஒத்துப் பார்ப்பேன். பிஎச்டியில் சேர்ந்தபோதும் அந்தப் பழக்கத்தோடுதான் போனேன். அதை விடுவதற்கு எனக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. விண்ணப்பிக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் துறை நீர்ச் சுத்திகரிப்பு. 2002 தேசிய தின அணிவகுப்பில் பிரதமர் கோ சோக் டோங்கும் கூட்டத்தில் இருந்தவர்களும் கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நியூவாட்டர் பாட்டிலைத் தூக்கிக் குடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நான் தொடக்கப்பள்ளி மாணவி. கழிவுநீர் எப்படிக் குடிநீராகும் என்று அன்றைக்கு அப்பாவைக் கேட்டுத் துளைத்தேன். பட்டம் முடித்து ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தபோதும் அந்தக் கேள்வி போகவில்லை. தண்ணீரை விட்டு உப்பை நிறுத்தும் மெல்லிய வடிகட்டித் தாள்தான் சவ்வு. அது உப்பைத் தடுக்கிறது, சரி. ஏன் சில நாள் நன்றாகத் தடுக்கிறது, சில நாள் தடுப்பதில்லை? இப்படி ஒரு கேள்வி உங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் பிஎச்டி பற்றி யோசிக்கலாம். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதற்காக மட்டும் சேர வேண்டாம். நான்கு வருடம் நீண்ட காலம்.

விண்ணப்ப வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே பெரும்பாலும் ஆகஸ்ட், ஜனவரி என்று இரண்டு சேர்க்கை. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்கள் அரசு ஆய்வு அமைப்பான ஏ ஸ்டார் நடத்தும் சிங்கா உதவித்தொகையைக் கட்டாயம் பாருங்கள். அதில் கல்விக் கட்டணமும் மாதாந்திரப் படியும் நான்கு வருடம் வரை கிடைக்கும். என்யூஎஸ், என்டியூ ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் சொந்த ஆய்வு உதவித்தொகைகள் உண்டு. மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு தேவையா என்பது துறைக்குத் துறை மாறும், அந்தந்தத் துறையின் பக்கத்தில் பாருங்கள். 2023 செப்டம்பரிலிருந்து அந்தத் தேர்வு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதன் மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். டோஃபல், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண் இரண்டே வருடம்தான், அதனால் ரொம்ப முன்னாலேயே எழுதி வைத்துவிடாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: உதவித்தொகை சம்பளம் அல்ல, அதற்கு சிபிஎஃப், அதாவது வீடு வாங்கப் பலரும் பயன்படுத்தும் மத்திய சேமநிதி, சேராது. வீடு வாங்கும் திட்டம் இருந்தால் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் பேசாமல் சேர்ந்துவிட்டேன். பிறகு அம்மாவுக்கு விளக்குவது கஷ்டமாக இருந்தது.

இதையெல்லாம்விட ஆய்வுக்கு வழிகாட்டும் சூப்பர்வைசரைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். பல்கலைக்கழகத்தின் தரவரிசையைவிட இதுதான் உங்கள் அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிக்கும். அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளையாவது படித்துவிட்டு மின்னஞ்சல் எழுதுங்கள். 'உங்கள் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும்' என்ற வரிக்குப் பதிலாக, படிக்கும்போது உங்களுக்கு வந்த ஒரு சந்தேகத்தை எழுதுங்கள். அப்புறம் அந்த லேப் மாணவர்களைத் தனியாகச் சந்தியுங்கள். கேண்டீனில் ஒரு கோப்பி வாங்கிக்கொடுத்துக் கேட்டால் யாரும் மறைக்க மாட்டார்கள். கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது? வாரம் ஒருமுறையாவது ஆசிரியரைப் பார்க்க முடிகிறதா? சோதனை சொதப்பினால் அவர் முகம் எப்படி இருக்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரத் தாமதமானால் அதுவே பதில்.

எனக்கு நல்ல சூப்பர்வைசர்தான் கிடைத்தார். தப்பு என் பக்கம். இரண்டாம் வருடத் தொடக்கத்தில், பிஎச்டியைத் தொடரலாமா என்று பார்க்கும் தகுதித் தேர்வுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது, நான் செய்த சவ்வு உப்பில் 98 விழுக்காட்டைத் தடுக்க வேண்டும். தண்ணீரின் உப்பை அளக்க உதவும் கண்டக்டிவிட்டி மீட்டர் காட்டியதைக் கணக்குப் போட்டால் 91. சவ்வைத் திரும்பச் செய்தேன். 92. மறுபடியும். 90. ராத்திரி பதினொரு மணிக்கு அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வாரச் சந்திப்பில் 'போய்க்கொண்டிருக்கிறது' என்று சொல்லிச் சமாளித்தேன். சரியான விடை கிடைத்த பிறகு காட்டலாம் என்ற எண்ணம்தான். பள்ளியில் அப்படித்தானே, விடை தப்பாக இருக்கும்போது தாளை யாரிடமும் காட்டமாட்டோம். மூன்று மாதம் இப்படியே ஓடியது. தூக்கம் போனது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த பெரியம்மா 'இன்னும் படிச்சிக்கிட்டுத்தான் இருக்கியாம்மா?' என்று அன்பாகத்தான் கேட்டார். நான் அறைக்குள் போய் அழுதேன்.

ஒரு நாள் லேப் ஆபீசர் பக்கத்தில் வந்து என்ன பிரச்சினை என்று கேட்டார். இருபது வருடமாக அந்தக் கருவிகளோடு இருப்பவர். சொன்னேன். அவர் என் சவ்வைத் தொடவே இல்லை. அலமாரியிலிருந்து கடையில் வாங்கிய சாதாரண சவ்வு ஒன்றை எடுத்து, நான் சோதித்த அதே எஃகுக் கலத்தில் பொருத்தித் தண்ணீரை ஓட்டச் சொன்னார். நன்றாக வேலை செய்யும் என்று எல்லாருக்கும் தெரிந்த சவ்வு அது. அதுவும் 91 காட்டியது. கலத்தைக் கழற்றி, கசியாமல் அடைக்கும் கருப்பு ரப்பர் வளையமான ஓ ரிங்கை விரலில் மாட்டி வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றினார். ஓர் இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு வெட்டு. அது வழியாக உப்புத் தண்ணீர் சவ்வைத் தாண்டாமலே மறுபக்கம் கசிந்துகொண்டிருந்தது. ஓ ரிங்கை மாற்றிவிட்டு என் பழைய சவ்வுகளை எடுத்து ஓட்டினேன். முதலில் செய்ததே 97க்கு மேல் தடுத்தது.

அன்று மாலையே சூப்பர்வைசரிடம் போய் மூன்று மாதக் கதையையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. 'முதல் வாரமே சொல்லியிருந்தால் நானும் கொஞ்சம் சேர்ந்து தேடியிருப்பேனே' என்றார். அவருக்கும் விடை தெரியாது, என்னோடு சேர்ந்து தேடுவதுதான் அவர் வேலை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே ஒரு பக்கம் எழுதி அவருக்கு அனுப்பினேன். இந்த வாரம் என்ன செய்தேன், எது சரிவரவில்லை, எது புரியவில்லை. வரைபடம் அழகாக இல்லாவிட்டாலும் அப்படியே ஒட்டினேன். தகுதித் தேர்வுக்கு உட்கார்ந்தபோது அந்தப் பக்கங்கள்தான் எனக்குப் பாடப்புத்தகம். தேர்வாளர் ஒருவர் கேட்ட கேள்விக்கு 'தெரியாது, ஆனால் இப்படிச் சோதித்துப் பார்ப்பேன்' என்று நடுங்காமல் சொல்ல முடிந்தது. தேறினேன்.

தூக்கமே வராத அந்த மாதங்களில் பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்கும் போனேன். இதை வெளியே சொல்ல நம் வீடுகளில் இன்னும் தயங்குகிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். முதல் சந்திப்பில் பேசவே முடியவில்லை, நான்காவதில் பேசினேன். சாப்பாட்டையும் விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குப் போய், மீன் வாங்கிக் குழம்பு வைத்து, லேப் நண்பர்கள் இரண்டு பேரைச் சாப்பிடக் கூப்பிடுவேன். அந்த நாளில் ஆய்வு பற்றிப் பேசக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தோம், பாதி நாள் அதை மீறினோம்.

வெட்டு விழுந்த அந்த ஓ ரிங்கை நான் தூக்கிப் போடவில்லை. சின்ன ஜிப் பையில் என் மேசையில் இருக்கிறது. போன மாதம் லேபில் புதிதாகச் சேர்ந்த தங்கை, முதல் நாளே தன் சவ்வை எடுத்துக்கொண்டு கலத்தைத் தேடி வந்தாள். அவள் கையில் முதலில் கடைச் சவ்வைக் கொடுத்தேன்.